கைப்பையில் ஒரு கத்தி

கொடைக்கானல் மலையில் குடித்தனம் செய்கிறவர்களுக்குக் குடை, கம்பளிச் சால்வை, கத்தி ஆகிய மூன்றும் இன்றியமையாதவை என்று நான் சொல்வதுண்டு. முதல் இரண்டையும் எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். மூன்றாவதைச் சொன்னதும், "பள்ளிக்கூடத்து அம்மாவா இப்படிப் பேசுவது?" என்று ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

பார்க்கட்டும். கத்தியில்லாமல் மலையில் ஒரு நாள் கழித்தவர்களுக்கே அதன் அருமை தெரியும். வத்தலக்குண்டிலிருந்து ஏறி வரும் வழியில் வாங்குகிற பிளம்ஸ் பழம் பல்லுக்கு இணங்கும். பேரிக்காய் அவ்வளவு சுலபமாக இணங்காது. பண்ணைக்காட்டு வெண்ணெய்ப் பழத்தைக் கையால் பிளக்கப் போனால் புடவைதான் பாழாகும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சாக்கு மூட்டையைத் தைத்திருக்கும் சணலோ நகத்துக்கும் அசையாது, பல்லுக்கும் அசையாது.

வீட்டில் அரிவாள்மணை இருக்கிறது. அதற்கு நிகரான சாதனம் உலகத்தில் இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம். ஆனால் அரிவாள்மணையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏற முடியுமா? ஆண்பிள்ளைகளுக்குச் சட்டையில் ஒரு பையும் கால்சட்டையில் நாலு பையும் உண்டு. புடவை கட்டுகிறவர்களுக்குக் கைப்பை ஒன்றே கதி. அதற்குள்ளே மூக்குக் கண்ணாடி, சில்லறை, தலைவலி மாத்திரை எல்லாம் குலாவிக் கிடக்கின்றன. ஆகவே கத்தி மடங்கியாக வேண்டும். மடங்கினபடியே அடங்கியும் கிடக்க வேண்டும்.

வாத்தியார் கத்தி வைத்திருப்பது புதிய வழக்கமும் அன்று. ஓலையில் எழுதிய காலத்தில் எழுத்தாணியிலேயே பல வகை இருந்தன. வாரெழுத்தாணியின் தலைப்பில் ஓலையை வாரவும் நறுக்கவும் ஒரு சிறு கத்தி அமைந்திருக்கும். மடக்கெழுத்தாணியைப் பிடிக்குள்ளேயே மடக்கி வைத்துக்கொள்ளலாம். பிற்பாடு இறகுப் பேனா வந்தது. அதன் முனையைச் சீவ வந்த சிறு கத்திக்குத்தான் பேனாக்கத்தி என்று பெயர். இறகு போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.

நிற்க. கத்திக்காக நான் ஒதுக்கிய தொகை 500 ரூபாய். ஏரிக்கரைக் கடைகளில் உல்லாசப் பிரயாணிகளுக்கென்று தொங்கவிட்டிருந்தவற்றை முதலில் பார்த்தேன். ஒன்றில் கறுப்புப் பூச்சும் ரம்பப் பல்லும். ஒன்றில் பறவை நாகத்தின் படம். இன்னொன்றில் விளக்கு, திருப்புளி, புட்டி திறக்கும் கொக்கி எல்லாம் இருந்தன. வெட்டும் அலகுதான் பெயருக்கு இருந்தது. ஒரு கடைப் பையன் பொத்தானை அழுத்தினான். அலகு சீறிக்கொண்டு பாய்ந்தது. "சூப்பர், மேடம்!" என்றான். பேரிக்காய் நறுக்குவதற்கு அத்தனை ஆவேசம் எதற்கு? மேலும், அந்த ஜாதிக் கத்தியைச் சர்க்காரும் விரும்புவதில்லை. 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பொத்தான் கத்திகளை டெல்லியில் 1980-லேயே அறிக்கை போட்டுக் கட்டுப்படுத்திவிட்டார்கள்.

வாங்குகிறவர் முதலில் சோதிக்க வேண்டியது மடக்கும் இடத்தை. சாதாரண மடக்குக் கத்தியின் முதுகில் ஓர் எஃகு வில் இருக்கும். அலகை விறைப்பாகப் பிடித்துக்கொள்வது அந்த வில்லின் அழுத்தமே. அறுப்பதற்கு அது போதும். குத்தித் துளை போட்டால் போதாது. எங்கள் பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், தெருவோரத்தில் வாங்கிய கத்தியின் நுனியால் தோல் வாரில் துளை போட்டார். வில் தளர்ந்திருந்தது. அலகு திரும்பி மடங்கி, ஆள்காட்டி விரலில் மூன்று தையல் போடும்படி ஆயிற்று. அதன் பிறகு பூட்டில்லாத கத்தியை நான் கையால் தொடுவதில்லை.

இந்த உபத்திரவத்துக்குப் பிற தேசத்தார் கண்ட உபாயங்கள் ரஸமானவை. பிரான்ஸ் தேசத்தின் ஸவாய் மலைநாட்டில் ஜோசப் ஒபினல் என்பவர் 1890-ல் மரப்பிடி வைத்த எளிய கத்தி ஒன்றைச் செய்தார். 1955-ல் அதன் கழுத்தில் சுழலும் வளையம் ஒன்றைச் சேர்த்தார்கள். வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் யந்திரம்! 1891-ல் தம் நாட்டுச் சிப்பாய்களுக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கிய ஸ்விட்ஜர்லாந்து கார்ல் எல்ஸனரின் கத்தி ஜகப்பிரசித்தம். ஆனால் அதன் சிறிய வகைகளில் முதுகு வில் மட்டுமே உண்டு. இரண்டும் என் 500 ரூபாய்க்கு எட்டாதவை. ஆனாலும் பூட்டு என்பது ஆடம்பரமான காரியம் அன்று என்பதை ஒபினலின் வளையத்திலிருந்து கற்றுக்கொண்டேன்.

அடுத்தது எஃகு. இங்கேதான் நம் மலையின் குணத்தைக் கவனிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஜாடியிலுள்ள உப்பே கசிந்து நீராகிறது. கரிச்சத்து மிகுந்த எஃகு சீக்கிரம் கூர்மையாகும், நன்றாக அறுக்கும். ஆனால் பிளம்ஸ் சாறு பட்டால் கறுத்துப்போகும், ஈரத்தோடு மடித்து வைத்தால் மறுநாளே துரு. தினமும் துடைத்து எண்ணெய் தடவும் பொறுமைசாலிகளுக்கு அதுவே உத்தமம். மற்றவர்களுக்கு எவர்சில்வர்தான். குரோமியம் கலந்த இந்த எஃகை 1913-ல் ஷெபீல்டில் ஹாரி பிரியர்லி உருக்கினார்; அன்று முதல் சாப்பாட்டு மேஜைக் கத்திக்குத் துருப் பயம் போயிற்று. மலிவான எவர்சில்வர் சற்று மெதுவானது. முனை சீக்கிரம் மழுங்கும். அதற்காக வருந்த வேண்டாம். மெதுவான எஃகைத் தீட்டுவதும் எளிது. கடினமான எஃகு நெடுநாள் கூர் தாங்கும். ஆனால் அது மழுங்கினால் சாதாரணக் கல்லில் வசப்படாது, தவறி விழுந்தால் விளிம்பு உதிரவும் கூடும்.

நீளத்தைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. "சட்டம் என்ன சொல்கிறது?" என்று கேட்டார் என் கணவர். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தையொட்டிய விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுத வரிசையில் வைக்கின்றன. வீட்டுக் காரியத்துக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நான் தேடியதோ 3 அங்குலம். "அப்படியானால் பயமில்லை" என்றார் அவர்.

சட்டத்துக்குப் பயமில்லை, ஆனால் பள்ளிக்கூடம் என்று ஒன்று இருக்கிறதே! 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களே ஒரு பையனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. ஜாதி வெறிதான் காரணம். சர்க்கார் நீதிபதி சந்துருவைக் கொண்டு விசாரணைக் குழு அமைத்தது. அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல், பையன்களின் புத்தகப் பையைத் திறந்து பார்க்கும்போது என் கை கூசுகிறது. ஜப்பானில் ஒரு காலத்தில் பிள்ளைகள் ஹிகோனோகாமி என்ற மடக்குக் கத்தியால்தான் பென்சில் சீவினார்கள். 1960-ல் அசானுமா என்ற அரசியல் தலைவர் மேடையிலேயே குத்துண்டு இறந்த பின், பிள்ளைகளிடம் கத்தி வேண்டாம் என்ற இயக்கம் பரவி, அந்த வழக்கம் தேய்ந்தது. பென்சில் சீவத் தெரியாத தலைமுறை வந்துவிட்டதே என்று அங்கே குறைப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் குறை எனக்குப் புரிகிறது. என்றாலும், மாணவன் பையில் இருக்கக் கூடாது என்று நான் சொல்லும் பொருளை என் பையில் வைத்துக்கொண்டு வகுப்பில் நிற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகையால் பள்ளி நாட்களில் கத்தி வீட்டு அலமாரியில் தங்கும். மற்ற நாட்களில் என்னோடு புறப்படும்.

கடைசியில் அது கிடைத்தது பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில், ஒரு பாத்திரக் கடையில். மரப்பிடி, 7 சென்டிமீட்டர் எவர்சில்வர் அலகு, விரித்ததும் உள்ளிருக்கும் தகடு ஒன்று அலகின் அடியில் வந்து முட்டுக் கொடுக்கிறது. பத்து தடவை விரித்து மடக்கினேன். பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. விலை 380 ரூபாய். வாங்கியபோது கூர் சுமார்தான். வீட்டுக்கு வந்து காப்பிக் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகில்லாத பீங்கான் விளிம்பில் இருபுறமும் இருபது தடவை இழுத்தேன். காகிதத்தை ஓசையின்றி அறுத்தது.

போன மாதம் பூம்பாறை பஸ்ஸில், பூண்டுக் கட்டின் கயிற்றை அவிழ்க்க மாட்டாமல் தவித்த பாட்டி ஒருத்தி, "கத்தி கித்தி இருக்குமா, தாயி?" என்று பொதுவாகக் கேட்டாள். மடக்கியபடியே நீட்டினேன். காரியம் முடிந்ததும் முந்தானையில் துடைத்து, மடக்கத் தெரியாமல் விரித்தபடியே திருப்பிக் கொடுத்தாள். கூடவே இரண்டு பூண்டும் கொடுத்தாள். தகட்டை எப்படித் தள்ளி மடக்குவது என்பதை அடுத்த நிறுத்தம் வரையில் அவளுக்குக் காட்டிக்கொண்டு வந்தேன்.