பத்தாண்டு உரிமை

கடல் கடந்து செல்வது நாகை மக்களுக்குப் புதிதன்று. ‘ரஜூலா’ கப்பல் நாகைத் துறையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் முன்னோரை ஏற்றிச் சென்ற காலத்தில், திரும்பி வருகிறவரின் டிரங்குப் பெட்டியைக் கொண்டே ஊர் அவரது வாழ்வை அளந்தது. இன்று அவ்விடத்தைக் கார் பிடித்துக்கொண்டது. 2017இல் நாங்கள் சிங்கப்பூரில் குடியேறிய சில மாதங்களிலேயே, உறவினர் நலம் விசாரித்தபின் கேட்ட அடுத்த கேள்வி, “கார் வாங்கியாச்சா?” என்பதுதான்.

ஊரில் கார் வாங்கப் பணமும் மனமும் போதும். இங்கே மூன்றாவதாக ஒன்று வேண்டும்: அனுமதி. 730 சதுர கிலோமீட்டரைச் சற்றே கடந்த தீவு இது. ஆகவே 1990 மே மாதம் முதல், சாலையில் ஓடும் வாகனங்களின் எண்ணிக்கையை அரசே வரையறுத்து வருகிறது. மாதம் இருமுறை நடைபெறும் ஏலத்தில் ‘வாகன உரிமைச் சான்றிதழ்’ கிடைத்தால்தான் புதிய காரைப் பதிவு செய்ய இயலும். அதன் ஆயுள் பத்தாண்டு. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்குரிய சான்றிதழே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிற்று. காரின் விலையும் வரிகளும் தனி. வங்கிகள் விலையில் 70 விழுக்காட்டுக்கு மேல் கடன் தரலாகாது என்பதும் விதி. எஞ்சியதைக் கையிலிருந்தே வைக்க வேண்டும்.

ஓட்டுநர் உரிமம் அத்துணைக் கடினமாயில்லை. ஊர் உரிமம் ஓராண்டு செல்லும். அதற்குள் சாலை விதிகளின் அடிப்படைத் தேர்வில் தேறினால் இந்நாட்டு உரிமம் பெறலாம். இருவரும் தேறினோம்.

எங்களுக்குக் கார் பெருமைக்குரிய பொருளாக மட்டும் இருக்கவில்லை. எங்களில் ஒருவருக்கு மருத்துவமனையில் பின்னிரவு வரை பணி. மற்றவருக்குத் தீவின் மேற்குக் கோடியில் விடியற்காலைப் பணி. நள்ளிரவுக்குப்பின் பெருவிரைவு ரயில் ஓடுவதில்லை. வீட்டிலோ மூச்சிரைப்பு நோயுள்ள சிறுமகன். எனவே முன்பணத்துக்காக மாதந்தோறும் மிச்சம் பிடித்தோம்.

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை, கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்தது. தோப்புகள் சாய்ந்தன, எங்கள் வீட்டின் ஓடுகளும் சிதறின. அம்மாவின் குரலைக் கேட்கவே நான்கு நாட்களாயின. “வீட்டுக்கு என்னப்பா, தார்ப்பாய் கட்டியிருக்கு. நீங்க பிள்ளைக்குக் காரை வாங்குங்க” என்றார். அவர் அவ்வாறு சொன்னதாலேயே எங்களால் வாங்க முடியவில்லை. முன்பணம் கூரையாயிற்று.

2020இன் இறுதியில், சான்றிதழில் நான்காண்டு மட்டுமே மீதமிருந்த பழைய கார் ஒன்றை வாங்கினோம். எஞ்சிய ஆண்டுகளுக்கேற்ப விலையும் குறைவு. புது வண்டியை வேளாங்கண்ணிக்குக் கொண்டுசென்று மந்திரிப்பது நம் வழக்கம். எங்கள் பழைய வண்டியை, 1888இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காக ஓஃபிர் சாலையில் எழுந்த லூர்து அன்னை ஆலயத்தில் மந்திரித்தோம்.

முடியும் நாள் முன்கூட்டியே தெரிந்த பொருளை மனிதர் வேறுவிதமாகக் கையாள்கிறார்கள். மும்முறை நள்ளிரவில் மகனை அக்கார் மருத்துவமனை சேர்த்தது. அயல்வீட்டு மலாய் மூதாட்டியை வாரந்தோறும் சிகிச்சைக்கு அழைத்துச் சென்றோம். பூட்டிவைத்துக் காப்பதில் பொருளில்லை. நாள் தீருமுன் பயன்படட்டும் என்றே எண்ணினோம்.

2024இல் தவணை முடிந்தது. புதுப்பிக்கலாம், ஆனால் அதற்குரிய தொகை, நாங்கள் காருக்குக் கொடுத்த விலையினும் அதிகம். “நல்லாத்தானே ஓடுது, ஏன் குடுக்கணும்?” என்று மகன் அழுதான். “நமக்குக் குடுத்த நாள் முடிஞ்சிருச்சுப்பா” என்பதற்குமேல் எங்களாலும் சொல்ல முடியவில்லை. நாம் உடைமை என்றழைக்கும் யாவற்றுக்கும் தவணை உண்டு. பலவற்றில் அந்த நாள் அச்சிடப்படவில்லை, அவ்வளவே.

மகனின் நோய் இன்று தணிந்திருக்கிறது. பேருந்திலும் ரயிலிலும் காலம் செல்கிறது. நாகையிலிருந்து புதிதாகப் புறப்படும் இளைஞர் எங்களிடம் கார் பற்றிக் கேட்பதுண்டு. விலையையும் விதியையும் சொல்லிவிட்டு, ஒன்றை அவர்களிடமே கேட்கிறோம்: “அதில் யாரை ஏற்றப் போகிறாய், தம்பி?”