அப்பாவின் டட்சனும் ஒரு காற்றாடியும்

நான் ஹார்வர்டில் பிறந்தவன். பல்கலைக்கழகத்தின் முதல்நாள் அறிமுகத்தில் இப்படிச் சொன்னதும் பலர் வாயைப் பிளந்தார்கள். கெடா மாநிலம் பீடோங்கில் ஹார்வர்ட் தோட்டம் என்று ஒன்று இருப்பது வடக்கு நண்பர்களுக்குத்தானே தெரியும்! அங்கே தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, இப்போது இங்கே கணக்கியல். ஆனால் நான் எழுத வந்தது என் படிப்பைப் பற்றி அல்ல. எங்கள் வீட்டு டட்சன் 120 ஒய் காரின் ரேடியேட்டர் காற்றாடியைப் பற்றி.

அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி இரண்டு வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் சுங்கை பட்டாணிக்குப் போய் இரத்தச் சுத்திகரிப்பு செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். முடித்து வரும்போது நிற்கக்கூடத் தெம்பிருக்காது. அந்த நேரம் பார்த்து டட்சன் பட்டண நெரிசலில் கொதிக்கும். அப்பா பானட்டைத் திறந்து வைத்து, கையில் பழைய துணியோடு ஆவி அடங்கும்வரை காத்திருப்பார். அம்மா காருக்குள் கண்ணை மூடிக்கொண்டு வெயிலில் வெந்துகொண்டிருப்பார். “விற்றுவிட்டு வேறு கார் வாங்குங்கள்” என்று சொல்லாத ஆளில்லை. எந்தப் பணத்தில் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

ரேடியேட்டரைக் கழுவினோம். தெர்மோஸ்டாட்டை மாற்றினோம். தண்ணீர்ப் பம்பும் நன்றாகவே இருந்தது. மிச்சம் காற்றாடிதான். 1970-களில் வந்த இந்தக் காரில் காற்றாடியை எஞ்சினே பெல்ட் வழியாகச் சுற்றுகிறது. நெடுஞ்சாலையில் ஓடும்போது எதிர்க்காற்றே போதும், காற்றாடிக்கு வேலையில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போதுதான் அது தேவை. ஆனால் அப்போது எஞ்சின் மெதுவாகச் சுற்றும், காற்றாடியும் சோம்பிச் சுற்றும். கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, கஷ்டகாலத்தில் காணாமல் போகும் சொந்தக்காரர் மாதிரி!

மின்காற்றாடி போடலாம் என்று அப்பா முடிவு செய்தார். ஹாஃப்-கட் கடையில் வீரா காரின் காற்றாடியை ஐம்பது வெள்ளிக்கு வாங்கி, டேஷ்போர்டில் ஒரு சுவிட்சை வைத்து நேராக இணைத்துவிட்டார். மூன்றாம் நாள் அம்மாதான் முதலில் சொன்னார்: “ஏங்க, ரப்பர் தீயுற வாடை வருது.” இருபது வருடம் பால்மரம் வெட்டியவர், அந்த வாடையில் அம்மாவை ஏமாற்ற முடியாது. சுவிட்சு உருகிக்கொண்டிருந்தது. அப்பா கம்பியைப் பிடுங்கியதில் இரண்டு விரல் வெந்தது.

விடுமுறைக்கு வந்தபோது அந்தச் சுவிட்சைக் கையில் வைத்துப் பார்த்தேன். மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுப்பதைப்போல் இரண்டு மூன்று மடங்கு மின்சாரம் இழுக்கும். அவ்வளவும் அந்தச் சின்னச் சுவிட்சு வழியாக, மெல்லிய கம்பியில், ஃபியூஸ்கூட இல்லாமல் போயிருக்கிறது. அம்மாவின் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில்.

“ரிலே போடணும்ப்பா” என்றேன். அப்பாவுக்குப் புரியவில்லை. பள்ளியில் படித்த மலாய்ச் சொல் ஞாபகம் வந்தது: “கெகந்தி.”

“என்னடா, காந்தியா?”

“உள்ளே காந்தம்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டேன். ஆனால் உண்மை அதுதான். ரிலேக்குள் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. சிறிய மின்சாரம் போனாலே அது காந்தமாகி, பெரிய மின்சாரத்தின் கதவை இழுத்துத் திறக்கும். தமிழில் ‘உணர்த்தி’ என்று ஒரு சொல் உண்டு என்பதைப் பிறகு தேடித்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் இன்றுவரை அது காந்திதான்.

வீரா காற்றாடியைத் திருப்பிக் கொடுத்தோம். முகப்பு விளக்கையும் வைப்பரையும் போட்டுக்கொண்டு அதைச் சுற்றவிட்டால், எஞ்சின் சும்மா ஓடும்போது மீட்டர் 12.4 வோல்ட்டுக்கு இறங்கியது. ஆல்டர்னேட்டர் போதாமல் பேட்டரி தன் சேமிப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தது என்று பொருள். (கணக்கியல் மாணவனுக்கு இதை விளக்கவா வேண்டும்?) பதிலாகக் கஞ்சில் காற்றாடி. அளந்து பார்த்தபோது 7 அம்பியர்தான் இழுத்தது. பம்பின் தலைக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலிருந்த இடுக்கை அம்மாவின் தையல் நாடாவால் அளந்தோம். பழைய காற்றாடியைக் கழற்றியதும் இது அங்கே உட்கார்ந்தது. பின்னாலிருந்து காற்றை இழுக்கும்படி வைத்ததால் முன்பக்கத்தில் எதிர்க்காற்றுக்குத் தடையில்லை. பழைய காற்றாடியைப் பிடித்த போல்ட்டுகள்தான் பெல்ட் உருளையையும் பிடித்திருந்தன. அதனால் குட்டையான போல்ட்டுகளைத் தேடிப் போட வேண்டியிருந்தது. இதற்கே அரை நாள் போனது.

ரேடியேட்டர் கடைத் தவுக்கே கீழ்த்தொட்டியில் ஒரு பித்தளைத் துண்டை ஈயம் வைத்து ஒட்டி, வெப்பச் சுவிட்சைத் திருகிக் கொடுத்தார். ரிலேயின் கால்களில் எண்கள் இருக்கும். 30-க்கு பேட்டரியிலிருந்து தடித்த கம்பி. அதில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 அம்பியர் ஃபியூஸ். 87-லிருந்து காற்றாடிக்கு. 86-க்கு சாவியிலிருந்து, 85-லிருந்து வெப்பச் சுவிட்சு வழியாக எர்த்துக்கு. முதலில் காற்றாடி தலைகீழாகச் சுற்றி என் முகத்தில் காற்றை அடித்தது. சிவப்பையும் கறுப்பையும் மாற்றினேன். ஒவ்வொரு முனையையும் அப்பா மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். வெந்த விரல்களில் அப்போதும் பிளாஸ்டர் இருந்தது.

மறுநாள் சிகிச்சை நாள். திரும்பும்போது சுங்கை பட்டாணியில் நல்ல நெரிசல். முன்னால் ஒரு லாரி, நகரவே இல்லை. வெப்பமுள் மெல்ல ஏறியது. அப்பா வாய் திறக்கவில்லை, துணியை மட்டும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். முள் பாதியைத் தாண்டியதும் பானட்டுக்குள் ‘டக்’கென்று ஒரு சத்தம். பிறகு ‘விர்ர்’ என்று காற்று.

பின்னிருக்கையில் படுத்திருந்த அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டார், “என்னங்க சத்தம்?”

“காந்தி வந்துட்டாரு. நீ தூங்கு” என்றார் அப்பா.