வாரண்டி இல்லாத விரல்கள்

பானெட்டுக்கு ஃபிலிம் ஒட்ட ஒரு மணி நேரம். இரண்டு உள்ளங்கைகளால் மூடிவிடக்கூடிய பக்கக் கண்ணாடிக் கூட்டுக்கும் கிட்டத்தட்ட அதே ஒரு மணி நேரம். கார் உடம்பில் கலர் ஃபிலிம் ஒட்டுகிறவர்களுக்குப் பரப்பளவு ஒரு பொருட்டே இல்லை, வளைவுதான் வேலை.

நான் போன அன்று ஒரு வெள்ளை எஸ்.யூ.வி.க்குச் செங்கல் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. வலதுபக்கக் கண்ணாடியின் முன் மூத்த ஃபிட்டர் குந்தியிருந்தார். ஹீட் கன்னைத் தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே மறு கையால் ஃபிலிமை முன்னோக்கி இழுத்தார். கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் சிவப்பு வெளிறும். கொஞ்சம் குறைந்தால் அடியில் மடிப்பு விழும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த இழுப்பை அவர் எதை வைத்தும் அளக்கவில்லை. "கைக்குத் தெரியும் சார்" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

வளசரவாக்கத்தில் ஆற்காடு சாலையை விட்டு இரண்டு தெரு உள்ளே இருக்கிறது இந்த இடம். பலகையில் ஸ்டுடியோ; உள்ளே வேலை செய்கிறவர்கள் வாயில் பட்டறைதான். சாலையில் அப்போது மெட்ரோ ரயில் வேலை. அந்தத் தூசிதான் இவர்களுக்கு முதல் எதிரி. ஃபிலிமுக்கும் பெயிண்டுக்கும் நடுவே ஒரு துகள் மாட்டினாலும் பரு போலத் துருத்திக்கொண்டு தெரியும். பிறகு அந்தத் துண்டையே உரித்துப் போட வேண்டியதுதான். அதனால் மின்விசிறி கிடையாது. ஏசி உண்டு, அதுவும் வண்டிமேல் நேராக வீசாதபடி. வாசலிலேயே செருப்பு, பெல்ட், வாட்ச் மூன்றையும் என்னிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெல்ட் பக்கிள் கதவில் ஒருமுறை உரசினால் போதும், அன்றைய வேலை போச்சு. புதிதாகக் கல்யாணமான பையன் ஒருவன் மோதிரத்தைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுச் சட்டைக்குள் விட்டிருந்தான். வீட்டில் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே.

வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பாலியூரித்தேன், முழுப்பெயர் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன், பட்டறை வழக்கில் டி.பி.யு. இழுத்தேன், நீண்டது. விட்டதும் மெல்லத் திரும்பி வந்தது. சுமார் 200 மைக்ரான் தடிமன் என்றார் முதலாளி. தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டியில் பிரைமர், நிறம், மேலே பளபளக்கும் கிளியர் கோட் எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். காக்கப்படும் பெயிண்டைவிடக் காக்கிற ஃபிலிம் தடிமனானது. அதிலும் அடுக்குகள் இருக்கின்றன: அடியில் பசை, நடுவில் டி.பி.யு., அதன்மேல் மிக மெல்லிய பூச்சு. கலர் ஃபிலிமில் நிறத்தை இந்த அடுக்குகளில் எதில் கலப்பது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

அந்த மேல்பூச்சுக்குத்தான் விளம்பரத்தில் அதிக இடம். பையன் ஒருவன் பித்தளை பிரஷ்ஷால் துண்டின்மேல் பரபரவென்று தேய்த்துக் கோடு போட்டான். கெட்டிலில் கொதித்த நீரை ஊற்றினான். கோடுகள் மறைந்தன. மாயம் ஒன்றுமில்லை. அங்கே பொருள் சுரண்டப்பட்டுப் போய்விடவில்லை, ஒதுங்கித்தான் இருந்தது. சூடு பட்டதும் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. சென்னையில் கெட்டில்கூடத் தேவையில்லை, மே மாத வெயிலில் வண்டியை நிறுத்தினால் போதும். ஆனால் பிளேடால் கீறியதோ கல் அடித்து ஓட்டையானதோ ஆறாது. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இந்த வித்தியாசத்தைக் காதில் வாங்குவதில்லை என்பது முதலாளியின் குறை. எனக்கென்னவோ விற்கும்போது அவரும் அதை அழுத்திச் சொல்வதில்லை என்றுதான் பட்டது.

பாலியூரித்தேனை 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் உருவாக்கியவர்கள் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவும். பேயர் கம்பெனியைத் தொடங்கிய குடும்பத்துக்கும் அவருக்கும் உறவு எதுவும் இல்லை, பெயர் மட்டும் ஒன்று. அது வண்டிக்கு வந்த கதையைத் தொழிலில் இருப்பவர்கள் வியட்நாம் போரிலிருந்து தொடங்குவார்கள்: அமெரிக்க ஹெலிகாப்டர்களின் சுழலும் இறக்கைகளை மணலும் கல்லும் அரித்துத் தின்ன, அவற்றைக் காக்க ஒட்டப்பட்டது இந்த வகை ஃபிலிம். பிறகு பந்தயக் கார்கள், அதற்குப் பிறகு பணக்காரர்களின் கார்கள். வெகுகாலம் இது கண்ணுக்குத் தெரியாத ஃபிலிமாகவே இருந்தது. நிறம் வேண்டுமென்றால் வினைல், அதாவது பி.வி.சி. அது இதில் பாதித் தடிமன். நிறம் தரும், கல்லடி தாங்காது. நம் வெயிலில் பானெட்டும் கூரையும் சீக்கிரம் வெளுத்துச் சுருங்கிவிடும். இரண்டையும் ஒன்றாக்கி வந்ததுதான் கலர் பி.பி.எஃப்., அதாவது நிறமுள்ள பெயிண்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம். முழு வண்டிக்குச் செலவு லட்சத்தைத் தாண்டும். ஃபிலிமின் பேரைப் பொறுத்து இன்னும் ஏறும்.

மூத்த ஃபிட்டர் இந்த வரிசையை வேறு விதமாகச் சொன்னார், தன் கையின் வழியாக. திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். பத்தாவது முடித்துச் சென்னை வந்து சேர்ந்தது ரேடியம் ஸ்டிக்கர் கடையில். ஆட்டோவின் முதுகில் பிள்ளைகளின் பெயர், பைக் மட்கார்டில் சாமி பெயர், எல்லாம் கையால் வெட்டியது. பிறகு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடையொன்றில் சன் ஃபிலிம். கண்ணாடி வளைவுக்கு ஃபிலிமைச் சூடுகாட்டிச் சுருக்கும் பழக்கம் அங்கே வந்தது. 2012 ஏப்ரலில் கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் கூடாதென்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "ஒட்டினவனே உரிச்சேன் சார். வரிசையா நின்னாங்க. ஒட்டினதுக்கு வாங்கினதவிட உரிச்சதுல கொஞ்ச நாள் நல்லாவே ஓடுச்சு. அப்புறம் ஒண்ணும் இல்ல." அந்த ஒன்றுமில்லாத நாட்களில் வினைல் பழகினார். பி.பி.எஃப். அடுத்து வந்தது. பயிற்சி என்று யாரும் எங்கும் அனுப்பவில்லை. முதல் ரோலில் வீணான துண்டுகள்தான் பாடம். ரேடியம் வெட்டிய அதே பிளேடுதான் இப்போதும். சாய்வான முனை, மழுங்கினால் ஒடித்துப் போடுவது. ஒடித்த முனைகளைத் தண்ணீர் பாட்டிலில் சேர்த்து வைத்திருந்தார்கள், காலில் குத்தாமலிருக்க. பாட்டில் முக்கால்வாசி நிறைந்திருந்தது.

கலர் ஏன் கஷ்டம் என்று கேட்டேன். கேட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

கிளியர் ஃபிலிமில் ஓரத்தில் இரண்டு மில்லி மீட்டர் குறைந்தாலும் யார் கண்ணுக்கும் படாது. வெள்ளை வண்டிமேல் சிவப்பில் அதே இரண்டு மில்லி தெருமுனையிலிருந்து தெரியும். அதனால் எல்லா ஓரமும் உள்பக்கம் மடிந்தாக வேண்டும். மடிக்க வேண்டுமானால் விளக்கு, கைப்பிடி, பம்பர், ரப்பர் பீடிங் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பாதி நாள் மெக்கானிக் வேலை. கம்ப்யூட்டரில் வண்டி மாடலைத் தேர்ந்தெடுத்து பிளாட்டரில் வெட்டி எடுக்கும் அச்சுகள் கிளியருக்குக் கச்சிதம். கலருக்கு மடிப்பு கூடுதலாக வேண்டியிருப்பதால் பெரும்பாலும் ரோலிலிருந்து நேரே வெட்டிக் கையால் பொருத்துகிறார்கள். மெட்டாலிக் நிறமென்றால் இன்னொரு தொல்லை. மினுக்குத் துகளுக்குத் திசை உண்டு. ரோலில் ஒரு கதவை நெடுக்காகவும் அடுத்ததைக் குறுக்காகவும் வெட்டினால் வெயிலில் இரண்டு கதவும் இரண்டு நிறம். மிச்சப்படுத்தலாம் என்று திருப்பி வெட்ட முடியாது. ரோலின் அகலம் 1.52 மீட்டர், அதற்குள் கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியமாக எனக்குப் பட்டது வேறு. கிளியரின் வழியே கீழே இருப்பது தெரியும்; எங்கே ஓரம், எங்கே கோடு என்று பார்த்துக்கொண்டே ஒட்டலாம். கலர் போர்த்திய மறுகணம் வண்டி மறைந்துவிடுகிறது. அதன்பிறகு விரல்தான் கண். கதவின் இடுப்புக்கோடு, கைப்பிடிக் குழியின் விளிம்பு, பெட்ரோல் மூடியின் இடைவெளி எல்லாவற்றையும் நகத்தால் தடவித் தேடிக் கண்டுபிடித்து, அந்தத் தடத்தில் பிளேடை நடத்த வேண்டும். பிளேடு ஃபிலிமை வெட்ட வேண்டும், அடியிலிருக்கும் கிளியர் கோட்டைத் தொடக் கூடாது. நடுப்பரப்பில் வெட்டவேண்டிய இடங்களுக்கு நூல் பதித்த நாடா ஒன்று உண்டு. அதை முதலில் ஒட்டி, மேலே ஃபிலிமைப் போர்த்தி, நூலை இழுத்தால் அடியிலிருந்தே வெட்டிக்கொண்டு வரும். ஆனால் இடைவெளிகளில் பிளேடுதான். கதவிடுக்கில் மூத்தவர் வெட்டும்போது மூச்சை நிறுத்துவதைப் பார்த்தேன். வெட்டி முடித்ததும் விட்டார்.

ஃபிலிமைப் போர்த்துவது மட்டும் கொஞ்சம் விழாக்கோலம். இருவர் ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து, பசைப் பக்கம் முழுக்கத் தண்ணீர் பீய்ச்சி, ஈர வேட்டியை உலர்த்த விரிப்பதுபோல வண்டிமேல் விரிக்கிறார்கள். தண்ணீரில் சில துளி குழந்தைகளுக்கான ஷாம்பு கலந்திருக்கும், ஃபிலிம் நழுவுவதற்காக. இடம் சரியானதும் ஆல்கஹால் கலந்த வேறு நீர். அது வழுக்கலை முறித்துப் பசையைப் பிடிக்க வைக்கும். பிறகு ஸ்க்வீஜியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுவது. போர்வெல் தண்ணீர் ஆகாது, உப்பு உள்ளே தங்கித் திட்டாகும். ஆர்.ஓ. தண்ணீர்தான். கோடையில் தகடு சூடேறி இருந்தால் நழுவவே விடாமல் பசை பிடித்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் ஓரங்கள் காய மறுக்கும். அந்த ஆல்கஹால் நாள் முழுக்கப் பட்டுப் பட்டு, இங்கிருந்த எல்லோருடைய விரல் நுனியும் வெடித்துத் தோல் உரிந்திருந்தது. கையுறை போட்டால் கோடு தெரியாதே என்றான் அந்த மோதிரக்காரப் பையன். இரவில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பானாம்.

மதியம் ஒரு செடான் வந்தது. ஒரே ஓனர், ஒரு கீறல்கூட விழாத வண்டி என்று சொல்லி விற்கப்பட்ட செகண்ட் ஹேண்ட். முதலாளி ஒட்டுவதற்கு முன் எந்த வண்டியானாலும் தடிமன் காட்டும் மீட்டரை ஓட்டிவிடுவார். பானெட் 115, முன்கதவு 120, பின்கதவு 310. வாங்கியவர் மீட்டரையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் கதவு எப்போதோ அடிவாங்கி, பட்டி பார்த்து மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டது என்பதை முதலாளி மெதுவாகத்தான் சொன்னார். தொழிற்சாலைப் பெயிண்டிலிருந்து ஃபிலிமைச் சூடுகாட்டித் தாழ்வான கோணத்தில் உரித்தால் சுத்தமாக வந்துவிடும். வெளியில் சரியாக அடிக்காத பெயிண்டாக இருந்தால் ஃபிலிமோடு அதுவும் சேர்ந்து உரிந்து வரலாம். அந்தக் கதவுக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். அவர் ஒட்டும் யோசனையை விட்டுவிட்டு, விற்றவருக்குப் போன் போட்டபடி வெளியே போய்விட்டார்.

நிறத்தைப் பற்றிச் சட்டத்துக்கும் கருத்து உண்டு. ஆர்.சி.யில் நிறம் எழுதியிருக்கிறது. வண்டி வேறு நிறமானால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி அதையும் மாற்ற வேண்டும். ஃபிலிம்தானே, உரித்தால் பழைய நிறம்தானே என்கிற வாதம் சோதனைச் சாவடியில் எடுபடாது. ஆலிவ் பச்சை மட்டும் எவருக்கும் இல்லை, அது ராணுவத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஜீப் வாங்குகிற இளைஞர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். முதலாளி நிறப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தையே கிழித்து எடுத்துவிட்டார்.

சாயங்காலம் பில் போடும்போது பக்கத்தில் இருந்தேன். ஃபிலிமின் பெயர், மைக்ரான், ரோல் எண், இத்தனை ஆண்டு வாரண்டி. மஞ்சளாகாது, வெடிக்காது, பசை விடாது என்று கம்பெனி தரும் சீட்டு தனி. வெட்டு எப்படி விழுந்திருக்கிறது, ஓரம் எவ்வளவு உள்ளே மடிந்திருக்கிறது என்பதற்கு இதில் எங்கேயும் வரி இல்லை. வண்டி இரண்டே மாதத்தில் அசிங்கமாவதற்கும் ஐந்து வருடம் நிற்பதற்கும் காரணமான சங்கதி அதுதான். வாங்குகிறவர்கள் ஃபிலிமின் பேரை ஊரெல்லாம் விசாரிக்கிறார்கள். ஒட்டப்போவது யார் என்று அன்று வந்தவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. பையன்களுக்கு மாதச் சம்பளம், மூத்தவருக்கு வண்டிக்கு இவ்வளவு என்று பேச்சு.

ஓரம் எழும்பி வண்டி திரும்பி வந்தால்? ஃபிலிம் பழுது என்று நிரூபித்தால் கம்பெனி மாற்று ஃபிலிம் தரும் என்றார் முதலாளி. மறுபடி ஒட்டும் கூலி யார் கணக்கில் என்று மூத்தவரிடம் கேட்டேன். "என் கணக்குதான். ஆனா ஒண்ணு சார், என் ஓரம் எழும்பாது" என்றார். இடது கண்ணாடிக் கூடு இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. ஹீட் கன்னை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.