பழைய வண்டியும் புதிய ஓட்டுநரும்

புதிய பொருளை வாங்குவோர் பொருளை மட்டுமே பெறுகின்றனர். பிறர் பயன்படுத்திய பொருளை வாங்குவோரோ அப்பொருளுடன் அதன் வரலாற்றையும் பெறுகின்றனர். பழைய நூலின் ஓரத்தில் முன்னவர் எழுதிய குறிப்பு இருக்கும். பழைய வீட்டின் படிகளில் முன்னவர் நடந்த தேய்வு இருக்கும். பழைய மோட்டார் சைக்கிளிலும் அவ்வாறே முன்னவரின் கைப்பழக்கமும் காற்பழக்கமும் பதிந்திருக்கும். அத்தகைய வண்டி ஒன்றை வாங்கி, அதனை ஓட்டக் கற்ற என் முதல் நாள்களைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றேன்.

நான் ஆசிரியர் பணியிற் சேர்ந்த பள்ளி, திருவையாற்றுக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரில் இருந்தது. என் இல்லம் தஞ்சையில். திருவையாறு வரையில் பேருந்துகள் அடிக்கடி ஓடும். அதற்கு அப்பால் ஒரு நாளைக்குச் சில முறையே ஓடும். மாலை வேளையில் மாணவர்க்குத் தனிப்பாடம் நடத்தினால் இறுதிப் பேருந்து போய்விடும். பேருந்தைப் பிடித்தால் பாடம் பாதியில் நின்றுவிடும். இவ்விரண்டிற்கும் இடையே பல மாதங்கள் அல்லற்பட்ட பின்னரே வண்டி வாங்குவதென உறுதி கொண்டேன். புது வண்டி வாங்கும் பொருள்வளம் என்னிடம் இல்லை.

பணி ஓய்வு பெற்ற அஞ்சல் அலுவலர் ஒருவர் தம் புல்லட் வண்டியை விற்க எண்ணியிருந்தார். முழங்கால் வலியால் அவரால் வண்டியை உதைத்து முடுக்க இயலவில்லை. 1988ஆம் ஆண்டில் செய்யப்பட்ட அவ்வண்டி என்னைவிட வயதில் மூத்தது. விலையைப் பேசி முடித்ததும் அவர் உள்ளே சென்று தடித்த குறிப்பேடு ஒன்றைக் கொண்டுவந்தார். எண்ணெய் மாற்றிய நாள், சங்கிலி மாற்றிய நாள், டயர் மாற்றிய நாள் ஆகிய யாவும் அதில் அழகிய கையெழுத்தில் இருந்தன. "தம்பி, வண்டிக்குத்தான் பணம் வாங்கினேன். இந்த ஏட்டுக்கு விலையில்லை. ஆனால் நீங்களும் இதில் எழுதிவர வேண்டும்" என்றார் அப்பெரியவர்.

அவ்வண்டியின் குலவரலாறு அறியத்தக்கது. உலகின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிளை 1885ஆம் ஆண்டில் செருமானிய நாட்டின் கான்ஸ்டாட் நகரில் டைம்லரும் மேபாக்கும் உருவாக்கினர். அதன் சட்டமும் சக்கரங்களும் மரத்தால் ஆயவை. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்த புல்லட் வண்டியை 1950களில் நம் நாட்டுப் படையினர் எல்லைக் காவலுக்குப் பயன்படுத்தினர். 1955ஆம் ஆண்டில் அதனை இந்நாட்டிலேயே செய்வதற்கெனச் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. திருவொற்றியூரில் அதன் ஆலை அமைந்தது. பின்னர்த் தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மறைந்துபோயிற்று. திருவொற்றியூர்க் கிளையோ தழைத்தது. என் வண்டியும் அவ்வாலையில் உருவானதே.

வண்டி கைக்கு வந்ததும் ஓட்டத் தொடங்கிவிடலாகாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, விற்றவரும் வாங்கியவரும் உரிமை மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். அதற்குரியவை 29ஆம் எண் படிவமும் 30ஆம் எண் படிவமும் ஆகும். பதிவுச் சான்று பதினைந்து ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பித்தல் வேண்டும். காப்பீடும் புகைச் சான்றும் இன்றியமையாதவை. ஓட்டுநர்க்கோ முதலில் பழகுநர் உரிமம் வேண்டும். அது கிடைத்து முப்பது நாள் கழிந்த பின்னரே நிலையான உரிமத்துக்குரிய தேர்வில் கலந்துகொள்ள இயலும். அந்நாள்களில் வண்டியின் முன்னும் பின்னும் வெண்மை நிறப் பலகையில் 'எல்' என்னும் எழுத்தைச் செந்நிறத்தில் எழுதியிருத்தல் வேண்டும். உரிமம் பெற்ற பயிற்றுநர் ஒருவர் உடன் இருத்தலும் வேண்டும். முன்னாள் உரிமையாளரே அப்பொறுப்பை மனமுவந்து ஏற்றார்.

முதல் நாள் முழுவதும் வண்டி ஓர் அடியும் நகரவில்லை. பெரியவர் எனக்கு எஞ்சினை முடுக்க மட்டுமே கற்பித்தார். எஞ்சினுக்குள் பிஸ்டன் இரண்டு முறை இறங்கி ஏறுவதே ஒரு சுழற்சி. முதலில் அது கீழிறங்கி, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே இழுக்கின்றது; இரண்டாவதாக மேலேறி அதனை அழுத்துகின்றது; மூன்றாவதாக, பிளக்கில் தோன்றும் தீப்பொறியால் கலவை எரிய, விரியும் வளி பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது; நான்காவதாக அது மீண்டும் மேலேறிப் புகையை வெளியேற்றுகின்றது. 1876ஆம் ஆண்டில் ஆட்டோ என்னும் செருமானியர் இம்முறையில் இயங்கும் எஞ்சினை வெற்றியுறச் செய்து காட்டினார். நான்கு அசைவுகளுள் ஆற்றல் தருவது ஒன்றே. ஏனைய மூன்றும் அதற்கு வழி செய்பவை.

அழுத்தும் நிலையில் பிஸ்டன் உச்சியை அடையுமுன் உதைத்தால், உதைகோல் எதிர்த்து வந்து காலைத் தாக்கும். ஆதலின் மெல்ல மிதித்து, மின்னோட்டம் காட்டும் கருவியின் முள் நடுவில் வந்து நிற்பதைப் பார்த்து, அழுத்தம் தளர்த்தும் சிறு பிடியை இழுத்துக்கொண்டு, பிஸ்டனை உச்சியைச் சற்றுக் கடக்கச் செய்து, பிடியை விட்டு, பின்னரே முழு வலிமையுடன் உதைத்தல் வேண்டும். அன்று மாலை ஒரே உதையில் எஞ்சின் உயிர்பெற்றது. "வலிமையால் உதைக்க வேண்டாம், நேரம் பார்த்து உதையுங்கள்" என்று பெரியவர் கூறியதன் பொருள் அப்போதுதான் விளங்கிற்று.

இரண்டாம் நாள் ஊர்ப்புறத்துத் திடலில் ஓட்டம் தொடங்கிற்று. ஏறத்தாழ 160 கிலோ எடையுள்ள வண்டி, நிற்கும்போது மலைபோற் கனக்கும். ஓடத் தொடங்கியதும் அக்கனம் எங்கோ மறைந்துவிடும். விரைந்து செல்வதே அரிது என நான் எண்ணியிருந்தேன். உண்மை அதற்கு மாறானது. மெல்லச் செல்வதே அரிது. கிளட்ச்சை முழுதும் பிடியாமலும் முழுதும் விடாமலும், நடப்பவர் வேகத்தில் வண்டியைச் செலுத்தக் கற்க எனக்கு நான்கு நாள்கள் ஆயின. மேலும், இக்கால வண்டிகளில் கியர் இடக்காலுக்கும் பிரேக் வலக்காலுக்கும் உரியவை. என் பழைய வண்டியிலோ கியர் வலப்புறம், பிரேக் இடப்புறம். கண்ணும் கைகளும் கால்களும் தனித்தனியே தம் கடமையைச் செய்தும் ஒருங்கே இயங்குவதுதான் ஓட்டுதல் என்பதை அத்திடல் எனக்குக் கற்பித்தது.

வண்டி வாங்கும் செய்தியை நான் அன்னையிடம் கூறியபோது அவர் மறுக்கவில்லை. "ஓட்டக் கற்றுக்கொள்வாய், தம்பி. நிறுத்தக் கற்றுக்கொள்வாயா?" என்று மட்டும் வினவினார். அவ்வினாவின் பின்னே ஒரு துயரம் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்னர், அவருடைய இளைய தம்பி மோட்டார் சைக்கிளில் அயலூர்த் திருமணத்துக்குச் சென்றார், உயிருடன் மீளவில்லை. அவர் தலையில் கவசம் இல்லை. என் மாமாவை நான் நிழற்படத்தில் மட்டுமே கண்டிருக்கின்றேன்.

ஆகவே, நிறுத்துதலை ஒரு பாடமாகவே பயின்றேன். ஆள் நடமாட்டமற்ற ஒரு சாலையில் சுண்ணாம்புக் கோடு ஒன்றை இட்டு, அக்கோட்டில் பிரேக்கைப் பிடித்து, வண்டி நின்ற இடத்தை நாடாவால் அளந்தோம். மணிக்கு 20 கிலோமீட்டர் விரைவில் வந்தபோது ஏறத்தாழ 4 மீட்டரில் நின்றது. 40 கிலோமீட்டர் விரைவில் வந்தபோதோ ஏறத்தாழ 16 மீட்டர் ஓடிய பின்னரே நின்றது. விரைவு இரண்டு மடங்கானால் நிறுத்தும் தொலைவு நான்கு மடங்காகும் என்னும் இயற்பியல் விதியைச் சாலையே எழுதிக் காட்டிற்று. இதனுடன் மற்றொரு கணக்கும் உண்டு. இடர் ஒன்றைக் கண்டு கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகுமெனக் கொண்டால், 40 கிலோமீட்டர் விரைவில் அந்த ஒரு நொடியில் வண்டி 11 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். 60 கிலோமீட்டர் விரைவில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அத்தொலைவு முழுதும் ஓட்டுநர் கண்டும் காணாதவராகவே செல்கின்றார். பிரேக் பிடிக்குங்கால் வண்டியின் பளு முன்சக்கரத்தின்மேற் சாய்வதால், முன்பிரேக்கே பெரும்பங்கு பணி செய்கின்றது. இரு பிரேக்குகளையும் ஒருங்கே, படிப்படியாக அழுத்துதலே முறை.

அது குறுவை அறுவடைக் காலம். தஞ்சைக்கும் திருவையாற்றுக்கும் இடையே வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி ஆகிய ஐந்து ஆறுகளைக் கடத்தல் வேண்டும். இருமருங்கும் வயல்கள் பொன்னிறம் பூண்டிருந்தன. கண்ணுக்கு இனிய அக்காட்சி, புதிய ஓட்டுநருக்குச் சோதனையாகவும் அமைந்தது. கிளைச்சாலைகளில் உழவர்கள் நெல்லைக் காயவைத்திருந்தனர். வைக்கோல் பரந்து கிடந்தது. நெல்மணிகளின்மீது டயர் வழுக்கும். வைக்கோலின்மீது பிரேக் பிடித்தல் அதனினும் கேடு. அத்தகைய இடங்களில் முன்னரே விரைவைக் குறைத்து, வண்டியைச் சாய்க்காமல் நேராகச் செலுத்தினேன். உழவர் உழைப்பு அங்கே காய்ந்துகொண்டிருக்க, ஒரு நிமிடம் தாழ்த்துச் செல்வதால் எனக்கு நேரும் இழப்பு யாது?

தலைக்கவசத்தைச் சுமை எனக் கருதும் இளைஞர் பலர். அது பரவிய வரலாற்றை அவர்கள் அறிதல் நன்று. அரேபியப் பாலைவனப் போரால் புகழ்பெற்ற லாரன்சு என்பவர், 1935ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்தில் தம் மோட்டார் சைக்கிளில் சென்றபோது, மிதிவண்டியில் வந்த சிறுவர் இருவர்மீது மோதாதிருக்க முயன்று தூக்கியெறியப்பட்டார். தலையில் அடிபட்டு ஆறு நாள் உணர்வின்றிக் கிடந்து உயிர்நீத்தார். அவரைக் காண வந்த மருத்துவருள் ஒருவர் ஹியூ கெய்ன்சு. மூளை அறுவை வல்லுநராகிய அவர், படைத்தூதர்கள் மோட்டார் சைக்கிளில் இறப்பதை ஆராய்ந்து, கவசம் உயிர்காக்கும் என்பதை 1941ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். அவ்வாண்டே ஆங்கிலேயப் படை தன் ஓட்டுநர்க்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பல ஆய்வுகளை ஒருங்கே நோக்கிய 2008ஆம் ஆண்டின் தொகுப்பு ஒன்று, கவசம் அணிவோர்க்கு இறப்பு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காயம் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 69 விழுக்காடும் குறைவதாகக் கூறுகின்றது. கெய்ன்சு அந்த ஒரு நோயாளியைக் காக்க இயலவில்லை. ஆயினும் பெயரறியாப் பல்லாயிரவரைக் காத்தார்.

பள்ளியில் வண்டியை நிறுத்தியதும் மாணவர் கூட்டம் சூழ்ந்துகொள்ளும். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒருநாள் தனியே வந்து, "ஐயா, திடலில் ஒரே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கட்டுமா? எனக்கு ஓட்டத் தெரியும்" என்று கேட்டான். அவன் கண்களில் ஒளிர்ந்த ஆர்வத்தை மறுப்பது எளிதன்று. ஆயினும் மறுத்தேன். கியர் உள்ள வண்டியை ஓட்ட பதினெட்டு வயது நிரம்ப வேண்டும். வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நேரின், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் அடையக்கூடும். இவற்றை அவனுக்குக் கூறினேன். பின்னர் என் மாமாவைப் பற்றியும் கூறினேன். சட்டத்தைக் கேட்டபோது முகம் வாடியவன், மாமாவைப் பற்றிக் கேட்டபோது தலை நிமிர்ந்து என்னை நோக்கினான்.

"ஓட்ட வயது வேண்டும்; அறிய வயது வேண்டியதில்லை" என்று சொல்லி, மறு சனிக்கிழமை அவனை வரச் செய்தேன். பிளக்கைக் கழற்றிக் கரி நீக்கவும், சங்கிலிக்கு எண்ணெய் இடவும், அதன் தளர்ச்சியைப் பார்க்கவும் கற்றான். சில வாரங்களில் எஞ்சினின் ஒலியைக் கேட்டே அதன் குறையைச் சொல்லும் அளவிற்கு அவன் செவி கூர்மையுற்றது.

கார்த்திகையில் எனக்கு நிலையான உரிமம் கிடைத்தது. அதன்பின் ஒருநாள், "திருவையாற்றுக்குப் போய் வருவோமா, அம்மா?" என்று கேட்டேன். அன்னை நெடுநேரம் விடை கூறவில்லை. பின்னர் நான் வாங்கி வைத்திருந்த இரண்டாவது கவசத்தை எடுத்துத் தாமே அணிந்துகொண்டார். முதல் மூன்று பாலங்கள் வரையில் அவர் கை என் தோளை இறுகப் பற்றியிருந்தது. குடமுருட்டியை நெருங்கியபோது பிடி தளர்ந்தது. காவிரிப் பாலத்தில், "சற்று மெல்லப் போ, தம்பி, தண்ணீரைப் பார்க்கவேண்டும்" என்றார். இரு கரையும் தழுவி ஓடிக்கொண்டிருந்தது காவிரி.

மாணவர்களே! நீங்களும் ஒருநாள் வண்டியின் கைப்பிடியைப் பற்றுவீர்கள். அன்று உங்கள் கையில் இருப்பது உங்கள் உயிர் மட்டும் அன்று. எதிரே வருபவர் உயிரும், இல்லத்தில் காத்திருப்பவர் அமைதியும் அங்கே உள்ளன. எங்கும் எவ்வளவு விரைவில் செல்ல இயலும் என்று எண்ணுவதைவிட, வேண்டிய இடத்தில் நிறுத்த இயலுமா என்று எண்ணுவதே அறிவுடைமை. பெரியவர் தந்த குறிப்பேட்டில் அவர் கையெழுத்தின் கீழே இப்போது என் கையெழுத்துத் தொடர்கின்றது. அவ்வேட்டில் வெற்றுத் தாள்கள் இன்னும் பல உள்ளன.