டவல் ராடு

டிரில்லிங் மெஷினை முதன்முதலாகக் கையில் பிடிக்கும் ஆண்மகனுக்குச் சுவர்களெல்லாம் தன்னை 'வா வா' என்று கூப்பிடுவது போல ஒரு பிரமை வரும். எனக்கு வந்தது. போனஸ் பணத்தில் அதை வாங்கி வந்த வாரமே ஹாலில் நான்கு ஓட்டை, பெட்ரூமில் மூன்று. "காலண்டர் மாட்ட ஒரு ஆணி போதாதாங்க?" என்று மனைவி கேட்டாள். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்து பாத்ரூம். டவலெல்லாம் வாளி விளிம்பில் தொங்குகிறது, ஒரு ராடு வேண்டும் என்றாள். பிளம்பர் கேட்ட கூலியில் ரெண்டு ராடு வாங்கலாம். விடுவேனா?

டைல்ஸ் மேல் டிரில் பிட் நிற்காது சார். சூடான தோசைக்கல்லில் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டே போகும். நான் மெஷினில் இருந்த சுத்தியல் படம் போட்ட பட்டனைத் தட்டிவிட்டு, உடம்பு பாரம் முழுக்கக் கொடுத்து அழுத்தினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். டைலில் ஆஸ்திரேலியா மேப் மாதிரி ஒரு விரிசல். ஓட்டை 8 எம்.எம்., கையில் இருந்த பிளாஸ்டிக் பிளக் 6 எம்.எம். அதனால் என்ன? நான்கு தீக்குச்சியைச் சொருகி, ஒயிட் சிமெண்டை அப்பி, ஸ்க்ரூவை முறுக்கி, டவலைத் தொங்கவிட்டேன். விழவில்லை!

குடும்பத்தையே கூப்பிட்டுக் காட்டினேன். அப்பா கையால் லேசாக அசைத்துப் பார்த்து, "கெட்டியா இருக்காடா?" என்றார்.

"யானையைக் கட்டலாம்ப்பா."

எட்டு மாசம் யானை வரவில்லை. அப்புறம் ஒரு நாள் விடியற்காலை அஞ்சரை மணிக்கு பாத்ரூமில் 'தொப்'பென்று சத்தம். கதவைத் தள்ளினால் அப்பா தரையில் கிடக்கிறார். "ஒண்ணுமில்லடா, கால் வழுக்கிடுச்சு" என்றார். எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் இல்லை. மணிக்கட்டில் சுளுக்கு, இடுப்பில் நல்ல அடி. "இந்த வயசில இடுப்பு எலும்பு தப்பினது உங்க அதிர்ஷ்டம்" என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பாத்ரூமைக் கழுவப் போனேன். ராடு ஒரு பக்கம் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. தரையில் ஸ்க்ரூ, அதைக் கவ்வியபடி பிளக், பக்கத்தில் நான்கு தீக்குச்சி. எழுந்திருக்க அதைப் பிடித்திருக்கிறார். வழுக்கவே இல்லை.

அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் ராத்திரி அவர் தலைமாட்டில் வைக்கும் சொம்புத் தண்ணீர் காலையில் அப்படியே இருக்க ஆரம்பித்தது. மனைவிதான் கவனித்தாள். "மாமா சாயங்காலத்துக்கு மேல தண்ணியே குடிக்கிறதில்லைங்க. ராத்திரி பாத்ரூம் போகணுமேன்னு பயம்."

மறுநாளே ஹார்டுவேர் கடை அண்ணாச்சியிடம் போனேன். "டவல் ராடு டவலுக்குத்தான் சார். ஆளு பிடிக்கிறதுக்கு கிராப் பார்னு தனியா இருக்கு" என்று தடியான ஸ்டீல் கம்பி ஒன்றை எடுத்து வைத்தார். ரெண்டு முனையிலும் மும்மூணு ஸ்க்ரூ. "செங்கல் சுவரா, ஹாலோ பிளாக்கா? பிளக் அதுக்குத் தக்கனதான் குடுக்கணும்" என்றார். முழித்தேன். "யாரு மாட்டப் போறா?" என்றார். நான்தான் என்றேன். சற்று நேரம் என்னையே பார்த்தார்.

இந்தியன் கிளாஸட்டை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் போடுவதென்று முடிவாயிற்று. அப்பாவைத் தங்கை வீட்டுக்கு அனுப்பினோம். கமோட் மட்டும் நானே போய் வாங்கினேன். எஸ் டிராப் என்றால் கழிவு தரை வழியாக இறங்கும், பி டிராப் என்றால் சுவர் வழியாகப் போகும் என்பது வாங்கி வந்த பிறகுதான் தெரிந்தது. மாற்றிக் கொடுத்த அண்ணாச்சி வாழ்க.

தரை வேலையைக் கொத்தனாரிடம் விட்டேன். நான் சித்தாள். பழைய பளபள டைல்ஸைப் பெயர்த்து, வாட்டர் ப்ரூஃபிங் பூசி, ரெண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்தோம். கீழ் வீட்டுக்காரர் அந்த ரெண்டு நாளும் தன் வீட்டு சீலிங்கை அண்ணாந்து பார்த்தபடியே காபி குடித்தாராம். ஈரம் இறங்கவில்லை. அதற்கு மேல் சொரசொரப்பான டைல்ஸ். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றால் கொத்தனார் முகம் சுளித்த ஒரே இடம் இதுதான். பாத்ரூம் தரைக்கு வாட்டம் வேண்டும். ஒரு மக் தண்ணீரை மூலையில் ஊற்றினால் அது யாரும் சொல்லாமல் தானே டிராப்புக்கு ஓட வேண்டும். ஓடியது.

கிராப் பாரையும் அவரையே போடச் சொல்லலாம் என்றிருந்தேன். திரும்பி வந்த அப்பா, "ஆளெல்லாம் வேணாம், நீயே போடு. இந்தத் தடவை ஒழுங்காப் போடுவே" என்றார்.

கமோட் மூடி மேல் அவரை உட்கார வைத்து மூன்று தடவை எழச் சொன்னேன். கை தானாகப் போன இடத்தில் பென்சிலால் கோடு. குழாய்க்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்கக் கூடாது, உள்ளே பைப் ஓடும். டைலை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். பானை மாதிரி 'டொக் டொக்' என்றால் பின்னால் கலவை இல்லை என்று அர்த்தம். நல்லவேளை, 'தட் தட்'. குறித்த இடத்தில் டேப் ஒட்டினால் பிட் வழுக்காது. சுத்தியல் பட்டனை அணைத்துவிட்டு, மெதுவாக, டைலைத் தாண்டும் வரை பொறுமை. செங்கல் தட்டுப்பட்ட பிறகுதான் சுத்தியல். 8 எம்.எம். ஓட்டைக்கு 8 எம்.எம். பிளக். தட்டித்தான் உள்ளே இறக்க வேண்டியிருந்தது. ஆறு ஓட்டை போட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆயிற்று. ஆஸ்திரேலியா இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, கம்பிக்குச் சற்று மேலே.

முடித்ததும் கம்பியைப் பிடித்து, என் 72 கிலோவையும் தொங்கவிட்டு, ரெண்டு காலையும் தூக்கினேன். அசையவில்லை. மனைவி வாசலில் நின்று, "யானை கட்டியாச்சா?" என்றாள்.

அப்பா வந்து ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. போய்விட்டார். நாலு நாள் கழித்து ஒரு காலையில் சொம்பு காலியாக இருந்தது.

டவல் ராடை நான் இன்னும் திரும்ப மாட்டவில்லை. டவலைக் கிராப் பாரிலேயே போட்டுவிட்டு வருகிறோம். அப்பா உள்ளே போகும்போதெல்லாம் அதை எடுத்து வாளி விளிம்பில் போட்டுவிடுகிறார்.