யாரு கம்ப்யூட்டர் ஐயா?

தென்காசிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. பிரிண்ட் எடுக்க வந்தவர்கள் பெஞ்சில் வரிசையாகக் காத்திருந்தோம். வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர் சிபியு பெட்டியை ஆட்டோவிலிருந்து அணைத்துத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். பாஸ்வேர்டாக இருக்கலாம் என்று எழுதிப் பார்த்து, ஒவ்வொன்றாக அடித்துவிட்ட சொற்கள்.

"அம்மன் கோயில் கொடைக் கணக்கு பூரா இதுக்குள்ளதான் கெடக்கு தாயி. செவ்வாக்கிழமை ஊர்க்கூட்டத்துல வாசிக்கணும்."

கடைப் பெண் பெட்டியைத் தொடவில்லை. "இது யாரு கம்ப்யூட்டர் ஐயா?"

பெரியவர் அதை வாங்கிய பில்லை எடுத்து நீட்டினார். பெயரை வாசித்த பிறகுதான் வயரைச் செருகினாள்.

"பழைய பாஸ்வேர்டை எடுத்துத் தந்துருவியா?"

"அது கம்ப்யூட்டருக்கே தெரியாது ஐயா. நீங்க போட்டதை உருத்தெரியாம மாத்தித்தான் வச்சிருக்கும். அதுலருந்து பழசை எடுக்க முடியாது. புதுசுதான் போடணும். சில பிரவுசர்ல சேமிச்சு வச்ச பாஸ்வேர்டெல்லாம் பழசோட சேத்துப் பூட்டிக் கெடக்கும். அது போனாலும் போயிரும், சம்மதமா?"

"கணக்கு?"

"கணக்குக்கு ஒண்ணும் ஆகாது."

தலையசைத்தார். உபுண்டு ஓடும் கணினி. பவர் பொத்தானை அமுக்கி எஸ்கேப் விசையைத் தட்டினாள்; கிரப் என்ற தொடக்கப் பட்டியல் வந்தது. ரெக்கவரி மோடுக்குள் போய் ரூட் என்ற வரியைத் தேர்ந்தெடுத்தாள். கறுப்புத் திரை. வாசிக்க மட்டும் திறந்திருந்த டிஸ்கில் எழுதவும் வழிவிட்டது முதல் கட்டளை. அடுத்த கட்டளை புதிய பாஸ்வேர்டைக் கேட்டது. கீபோர்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"ஒண்ணும் விழலையே தாயி?"

"விழாது ஐயா. எத்தனை எழுத்துன்னுகூட யாருக்கும் தெரியக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்கு. ரெண்டு தடவை போடுங்க."

ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாக அழுத்தினார். இரண்டும் ஒத்துப்போயின. கணினி அணைந்து மீண்டும் எழுந்தது. கணக்கு திறந்ததும், வரவுப் பக்கத்தின் கடைசி வரி வரைக்கும் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இம்புட்டு லேசா?"

"பெட்டி யார் கையில இருக்கோ அவங்க செய்யலாம் ஐயா. டிஸ்கை என்கிரிப்ட் பண்ணியிருந்தா மட்டும் இப்படி முடியாது. ஆனா அந்தப் பாஸ்வேர்டு மறந்தா கணக்கும் போயிரும். எதுக்கும் பென்டிரைவ்ல ஒரு காப்பி வச்சிக்கோங்க."

அங்கேயே ஒரு பென்டிரைவ் வாங்கி நகல் எடுத்துக்கொண்டார்.

பில்லைப் பார்க்காமல் செய்திருந்தாலும் இதே வேலைதான், இதே நேரம்தான். திருடி வந்தவனுக்கும் அந்தப் பெட்டி திறந்திருக்கும். யாருடையது என்று முதலில் கேட்கிற கையிடம் உங்கள் கணினியைக் கொடுங்கள். ஊர்ப் பொதுக் கணக்கு உங்கள் பொறுப்பில் இருந்தால், அதன் நகலை இன்றே எடுத்து வையுங்கள்.