சட்டிக்கும் சட்டிக்கும் நடுவே

மூன்றாமாண்டு மின்னணுவியல் பிரிவில் எங்கள் நால்வர் குழு எடுத்துக்கொண்ட ப்ராஜெக்ட், இன்டர்நெட் வழியாக வரும் டி.வி. படத்தின் தரத்தை அளப்பது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். "அதுல என்னடா அளக்குறீங்க?" என்று அம்மா கேட்டார். அம்மா கட்டட வேலையில் சித்தாள். அதனால் சாந்துச் சட்டியை வைத்தே சொன்னேன்.

படம் 188 பைட் துண்டுகளாக வருகிறது. பொதுவாக ஏழு துண்டுகளை ஒரு பாக்கெட்டில் வைத்து அனுப்புவார்கள். செகண்டுக்கு 40 லட்சம் பிட் உள்ள எங்கள் படத்துக்கு 2.6 மில்லி செகண்டுக்கு ஒரு பாக்கெட் வர வேண்டும். டி.வி.யோ கொத்தனார் மாதிரி, ஒரே வேகத்தில் பூசிக்கொண்டே போகும். (எந்த வேகம் என்று சொல்ல ஸ்ட்ரீமுக்குள்ளேயே நேர முத்திரை வருகிறது, 100 மில்லி செகண்டுக்குள் அடுத்தது வந்தாக வேண்டும் என்பது எம்பெக் விதி.) அஞ்சு சட்டி சேர்ந்தாற்போல வந்து, அப்புறம் கால் மணி நேரம் ஒன்றுமே வராவிட்டால்? சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஆனால் கொத்தனார் கை நடுவில் சும்மா நின்றிருக்கும். டி.வி.யில் படம் அப்படியே நிற்பது அப்படித்தான்.

இதை அளக்கும் எம்.டி.ஐ. முறை 2006-ல் ஆர்.எஃப்.சி. 4445 என்ற ஆவணமாக வெளிவந்தது. இரண்டே எண்கள். கொத்தனார் பக்கத்தில் கலவை அதிகபட்சம் எவ்வளவு கிடந்தது, குறைந்தபட்சம் எவ்வளவு, அந்த வித்தியாசத்தைப் பூசும் வேகத்தால் வகுத்தால் வரும் நேரம் முதல் எண். வழியில் கொட்டிப்போன துண்டுகள் செகண்டுக்கு எத்தனை என்பது இரண்டாவது.

லேபில் வயர்லெஸ் ரவுட்டர் சும்மா இருந்தபோது 9:0. நண்பன் ஒருவன் பெரிய ஃபைல் இறக்க ஆரம்பித்தான், 140:0. ஒரு துண்டுகூடத் தொலையவில்லை, ஆனாலும் படம் நின்று நின்று ஓடியது. பார்க்கும் கம்ப்யூட்டரில் 100 மில்லி செகண்டுக்கான சேமிப்புதான் வைத்திருந்தோம்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கலவை போடுற எடத்துலயே லேட்டானா அதுவும் தெரியுமா? மேஸ்திரி எப்பவும் எங்களைத்தான் திட்டுவாரு" என்றார்.

ஒரே இடத்தில் அளந்தால் தெரியாது. அனுப்பும் இடத்தில், நடுவில், வீட்டு வாசலில் என்று அளந்துகொண்டே வந்தால், எண் எங்கே எகிறுகிறதோ அதற்கு முன்னால்தான் கோளாறு. "உங்க டி.வி.லதான் சார் ரிப்பேர்" என்று யாரும் சுலபமாகத் தட்டிக்கழிக்க முடியாது. என்னைக் கேட்டால் இந்த முறையின் பெரிய உபயோகமே இதுதான்.

அடுத்த வாரம் ரவுட்டருக்கு முன்னாலும் அளக்கப் போகிறோம். எக்ஸிபிஷனுக்கு அம்மாவை வரச் சொல்லியிருக்கிறேன். அரைநாள் கூலி போயிடுமே என்கிறார்.